வீல் ஸ்பேசர்: கண்ணில் படாத நட்டுகளைப் பற்றி

ஸ்பேசர் போட்ட சக்கரத்தில் வெளியே தெரிவது ஐந்து நட்டுகளோ ஆறு நட்டுகளோதான். ரிம்முக்குப் பின்னால் இன்னும் ஐந்தோ ஆறோ ஒளிந்திருக்கின்றன. முன்னதை யார் வேண்டுமானாலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடலாம். பின்னதைப் பார்க்க வேண்டுமென்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். மாட்டுவது, பராமரிப்பது, கழற்றுவது என்று இங்கே எதைப் பேசினாலும் பேச்சு இந்த உள் நட்டுகளிடம்தான் வந்து நிற்கும்.

முதலில் ஸ்பேசர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஹப்புக்கும் (ஆக்சில் முனையில் சக்கரத்தைப் பூட்டும் சுழல்பாகம்) ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தடித்த உலோக வட்டு அது. பெரும்பாலும் அலுமினியக் கலவையில் கடைந்திருப்பார்கள். அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 30 மி.மீ. ஸ்பேசரை இரண்டு பக்கமும் போட்டால் இடது டயருக்கும் வலது டயருக்கும் இடைப்பட்ட அகலம் 60 மி.மீ. கூடும்.

ஆஃப்-ரோடு வண்டிக்காரர்கள் இதைத் தேடிப் போவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். பெரிய டயர் போட்டபின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயரின் உள்பக்கம் கண்ட்ரோல் ஆர்ம், லீஃப் ஸ்பிரிங் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களில் உரசும். சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் அந்த உரசல் போய்விடும். இன்னொன்று, வண்டியை உயர்த்திய பிறகு பக்கச் சரிவில் சாய்ந்து போகும்போது வயிற்றைக் கலக்கும். அகலம் கூடினால் அந்தப் பயம் சற்றுக் குறையும். அழகுக்காகப் போடுகிறவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம்.

ரிம்மின் உள்பக்கத்தில் ஈடி 40, ஈடி 25 என்று ஒரு எண் பொறித்திருக்கும். ஆஃப்செட் என்பது அதுதான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது என்பதை அது காட்டும். ஈடி 40 ரிம்முக்கு 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் வண்டியைப் பொறுத்தவரை அது ஈடி 10 ரிம் மாதிரிதான். "ஸ்பேசர் போட்டால் பேரிங் போய்விடும், ஆஃப்செட் குறைந்த ரிம் வாங்கினால் போகாது" என்று சிலர் சொல்வார்கள். கடைசியில் டயர் எங்கே நிற்கிறது என்பதுதான் பேரிங்குக்குத் தெரியும், நடுவில் இருப்பது ஸ்பேசரா ரிம்மா என்று அதற்குத் தெரியாது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருந்து, அது 30 மி.மீ. வெளியே போனால், சுமார் 147 நியூட்டன் மீட்டர் வளைக்கும் விசை கூடுதலாக எப்போதும் பேரிங்கில் இருக்கும். இரண்டு வழியிலும் இதே கணக்குதான். ஸ்பேசரின் எடை மட்டும் உபரி. ஸ்டியரிங் கொஞ்சம் கனமாவது, குழியில் விழும்போது கையில் அதிகமாக உதறுவது, இவையும் இரண்டுக்கும் பொது.

ஸ்பேசருக்கே உரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு முடியளவு இழுவை

சக்கரத்தை ஸ்டட்கள், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் மரைக் கம்பிகள், தாங்கிப் பிடித்திருக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம், சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி. அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ரப்பர் பட்டை போல நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில் ரிம்மும் ஹப்பும் ஒன்றோடொன்று அழுந்தி உராய்வால் பிடித்துக்கொள்கின்றன. பளுவைத் தாங்குவது அந்த உராய்வுதான். 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், மரை உலர்ந்திருக்கும்போது, ஏறக்குறைய 4 டன் அழுத்தம் பிறக்கும். ஐந்து ஸ்டட் என்றால் 20 டன்.

கேட்கத் தைரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 4 டன்னுக்காக ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? ஹப் முகத்திலிருந்து நட்டு வரை 20, 25 மி.மீ. இருந்தால், நீளும் அளவு சுமார் 0.05 மி.மீ. தான். ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. இடையில் ஒரு பூச்சு பெயின்ட், ஒரு சில்லு துரு, காய்ந்த சேறு என்று ஏதாவது மாட்டிக்கொண்டு, பின்பு வண்டி ஓடும்போது நசுங்கிப் போனால், அந்த முடியளவு நீட்சியும் அதோடு போய்விடும். நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது, ஆனால் பிடி விட்டிருக்கும். பிடி விட்டதும் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஆட ஆரம்பிக்கும். ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து களைக்கும். நட்டு கழலும், இல்லையென்றால் ஸ்டட் முறியும்.

சாதாரண சக்கரத்தில் இப்படி அழுந்தும் இணைப்பு ஒன்று. ஸ்பேசர் போட்டால் இரண்டு: ஹப்போடு ஸ்பேசர், ஸ்பேசரோடு ரிம். போதாததற்கு, பிரேக்கின் சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற "தேய், முறுக்கு, மறுபடி முறுக்கு" எல்லாம் சும்மா சடங்கு இல்லை என்பது விளங்கும்.

எதை வாங்குவது

இரண்டு வகை உண்டு. ஒன்று, சொந்த ஸ்டட் இல்லாத வெறும் வட்டு. வண்டியின் ஸ்டட்டில் கோர்த்து அதன் மேலேயே ரிம்மை மாட்டுவோம். வட்டின் தடிமன் அளவுக்கு ஸ்டட்டின் நீளம் வீணாவதால் நட்டுக்குப் பிடிக்க மரை குறையும். குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட்டு ஏறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. 12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் முழுதாக 8 சுற்று, 1.25 மி.மீ. என்றால் ஒன்பதரைக்கு மேல். விரலால் சுற்றிக்கொண்டே எண்ணிப் பாருங்கள். அத்தனை வரவில்லை என்றால் நீளமான ஸ்டட் போட வேண்டும், அல்லது அந்த வட்டை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று சொந்த ஸ்டட் பொருத்தி வரும் வகை. ஸ்பேசரை வண்டியின் ஸ்டட்டில் உள் நட்டுகளால் முறுக்கி, அதன் சொந்த ஸ்டட்டில் ரிம்மை மாட்டுவோம். ஆஃப்-ரோடு வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இனிமேல் பேசுவதெல்லாம் இதைப் பற்றியே. கடைந்தெடுத்த தரமான அலுமினியக் கலவை போதும். 6061-டி6 என்றோ 7075 என்றோ குறித்திருப்பார்கள். என்ன கலவை என்றே சொல்லாமல் விற்கும் வார்ப்புத் துண்டைத் தொடவேண்டாம்.

ஸ்டட் வட்டம், அதாவது ஸ்டட்களின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், பொருந்தினால் போதும் என்று நினைத்து ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸுக்கும் ஃபோர்டு ரேஞ்சருக்கும் 6 ஸ்டட், 139.7 மி.மீ. வட்டம். ஆனால் ஹைலக்ஸின் நடுத்துளை 106.1 மி.மீ., ரேஞ்சருடையது 93.1 மி.மீ. ஹைலக்ஸுக்கான ஸ்பேசர் ரேஞ்சரில் ஏறிவிடும், ஆனால் ஹப்பின் நடு வளையத்தைத் தொடாமல் லொடலொடவென்று நிற்கும். நடுத்துளை ஹப்பின் வளையத்தில் இறுக்கமாக அமர வேண்டும். ஸ்பேசரின் வெளிமுகத்திலும் அதே மாதிரி வளையம் எழும்பி ரிம்மை நடுவில் நிறுத்த வேண்டும். அப்படி இல்லாததைப் போட்டால் வேகத்தில் உதறல் வருவது மட்டுமில்லை, ஸ்டட்களுக்கும் வேலை கூடும்.

ஸ்டட்டின் மரையும் பொருந்த வேண்டும். சுசுகி ஜிம்னியில் இருப்பது 12 மி.மீ., 1.25 இடைவெளி, ஹைலக்ஸில் 12 மி.மீ., 1.5. ஒன்றின் நட்டை மற்றதில் வைத்தால் ஓரிரு சுற்று ஏறுகிற மாதிரி ஏறி அப்புறம் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் மரை போச்சு. நட்டின் அடிப்பாகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது ரிம்மின் துளைக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

கடைசியாக நீளம். ஸ்பேசரை ஹப்பில் வைத்தபின் வண்டியின் பழைய ஸ்டட் முனைகள் ஸ்பேசரின் வெளிமுகத்தைத் தாண்டி நீட்டுகின்றனவா என்று நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள். நீட்டினால் ரிம் ஸ்பேசரில் உட்காராமல் ஸ்டட் முனையில் உட்காரும். வெளி நட்டை முறுக்கினால் இறுகிய மாதிரியே இருக்கும், உண்மையில் இறுகியிருக்காது. ரிம்மின் பின்புறம் அந்த இடங்களில் குழி இருந்து, குழியின் ஆழம் நீட்டலைவிட அதிகமாக இருந்தால் மட்டும் பரவாயில்லை. ஸ்டட்டை அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்வார். அறுத்தால் பின்னால் ஸ்பேசரைக் கழற்றி ரிம்மை நேராக மாட்டும்போது மரை போதாமல் போகலாம். தடித்த ஸ்பேசர் வாங்குவதே மேல். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சில நாடுகளில் பொதுச்சாலையில் ஓட்ட ஸ்பேசருக்குச் சான்றிதழ் வேண்டும், சில இடங்களில் அனுமதியே இல்லை. வாங்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள், காப்பீட்டுக்காரரிடமும் சேர்த்து.

மாட்டும் வேலை

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ஒரு விஷயம்: கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டு நிறுத்தியும் பயனில்லை. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய மறுநிமிடம் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி நழுவலாம். கட்டையைத்தான் நம்ப வேண்டும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்கோ சேசிஸுக்கோ அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். உயரமான ஆஃப்-ரோடு ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதன் மேல் நிற்கும் வண்டியில் வேலை செய்யாதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுவது நல்ல பழக்கம். ஸ்டாண்ட் சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும்.

இப்போது ஹப். புது வண்டிகளில் பிரேக் டிஸ்க் விழாமலிருக்கத் தொழிற்சாலையிலேயே ஸ்டட்டில் மெல்லிய தகட்டு கிளிப் மாட்டியிருப்பார்கள். அதை எடுத்துவிட வேண்டும், விட்டால் ஸ்பேசர் அதன் மேல் ஏறி உட்காரும். டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு டிஸ்க்கின் முகத்தையும் நடு வளையத்தையும் வெறும் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். ஸ்டட்டின் அடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் துருவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முடியளவுக் கணக்கை நினைத்துக்கொண்டு அங்கே இன்னும் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ரிம்மின் பின்முகத்தில் பெயின்ட் பிசிறு இருந்தால் அதையும் சுரண்டுங்கள்.

ஸ்பேசரை நட்டு போடாமல் சும்மா மாட்டிப் பாருங்கள். கையால் அழுத்தினால் எந்தப் பக்கமும் ஆடக்கூடாது, டிஸ்க்கோடு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். ஆடினால் ஏதோ தடுக்கிறது. நட்டை முறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

உள் நட்டுகளை எல்லாம் விரலால் ஏற்றிவிட்டு, எதிரெதிராகத் தாவும் வரிசையில் முறுக்குங்கள். முதல் சுற்றில் பாதி அளவுக்கு, அடுத்ததில் முழு அளவுக்கு. அந்த முழு அளவு ஸ்பேசரோடு வரும் தாளில் இருக்கும். வெளி நட்டுகளுக்கு வண்டியின் கையேடு சொல்வது: ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர், ஜீப் ராங்லர் ஜேஎல்லுக்கு 176. ஹப் சுழலாமலிருக்க ஒருவர் பிரேக் பெடலை மிதித்துக்கொள்ளட்டும். காற்றழுத்த கன் இந்த வேலைக்கு ஆகாது. குறித்த முறுக்கு அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஸ்பேசரும் வேண்டாம் என்பது என் கட்சி.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது. தடவினால் உராய்வு குறைந்து, அதே 100 நியூட்டன் மீட்டரில் ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடலாம். ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் துருத்தடுப்புப் பசையைத் துளியூண்டு பூசலாம். ஏன் என்பது கழற்றும்போது புரியும். மரை கழலாமலிருக்கப் பூசும் நீல நிறத் திரவத்தை உள் நட்டுகளுக்குப் போடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. சொன்னால் போடுங்கள். சிவப்பு நிறத் திரவம் வேண்டாம், சூடுகாட்டாமல் கழற்றவே முடியாது.

முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஸ்பேசர் வரை பெயின்ட் பேனாவால் நேர்கோடு இழுத்துவிடுங்கள். அப்புறம் ரிம்மை மாட்டி, டயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, வெளி நட்டுகளையும் அதே தாவும் வரிசையில் முறுக்குங்கள். ஒரு ஆக்சிலில் போட்டால் இருபக்கமும் ஒரே தடிமன் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்தும், ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தியும், டயர் ஃபெண்டரிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று பார்த்தால் மாட்டும் வேலை முடிந்தது.

முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை ஏமாந்தேன். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும் என்று தெரியும். முறுக்கினேன், வெளி நட்டுகளை மட்டும். எல்லாம் கெட்டியாக இருந்தன, நிம்மதியாக விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோது, பின் இடது ஸ்பேசரில் இரண்டு உள் நட்டுகள் விரலாலேயே சுழன்றன. அந்த முகத்தில் ஒரு இடத்தைத் தேய்க்காமல் விட்டிருந்தேன்.

ஆகவே முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நான்கு சக்கரத்தையும் கழற்றி, உள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள், பின்பு ரிம்மை மாட்டுங்கள். நீலத் திரவம் போட்டிருந்தால் காய்ந்த நட்டை அப்படியே திருகக்கூடாது, பிடிப்பு உடைந்துவிடும். கோடு நேராக இருக்கிறதா, ரெஞ்ச் நட்டு அசையாமலே கிளிக் என்கிறதா என்று மட்டும் பாருங்கள். அசைந்தால் கழற்றிச் சுத்தம் செய்து புதிதாகப் பூசுங்கள். அதற்கப்புறம் டயர் இடம் மாற்றும்போதெல்லாம் ஒரு முறை, கடினமான பாறைப் பயணம் போய்வந்தால் ஒரு முறை. ஓட்டும்போது மெதுவான வேகத்தில் சக்கரத்திலிருந்து டக் டக் சத்தம், புதிதாக ஸ்டியரிங் உதறல் என்று எது வந்தாலும் அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள். உள் நட்டுக்கான சாக்கெட் பல நேரம் வேறு அளவில் இருக்கும், அதைக் கருவிப்பெட்டியில் தனியாக வையுங்கள். பஞ்சரானால் ரிம் மட்டும்தான் கழலும், ஸ்பேசர் ஹப்பிலேயே இருக்கும். ஸ்டெப்னியை அதன் மேல் மாட்டிக்கொள்ளலாம்.

கழற்றும் வேலை

கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: எதற்காகப் போட்டீர்கள்? டயர் உள்ளே உரசியதற்காகப் போட்டிருந்தால், கழற்றியதும் அதே டயர் மறுபடி உரசும். டயரையோ ரிம்மையோ மாற்றிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ரிம்மை எடுப்பது வரை முன்பு சொன்ன மாதிரியேதான். உள் நட்டுகளில் நீலத் திரவம் இருந்தால் கடைசிச் சுற்று வரை கனமாகவே வரும், பயப்பட வேண்டாம். டார்க் ரெஞ்சைக் கழற்றப் பயன்படுத்தாதீர்கள், அதன் அளவு கெட்டுவிடும். நீளமான சாதாரணக் கைப்பிடியே போதும்.

நட்டு வந்தபின்னும் ஸ்பேசர் வராது, பெரும்பாலும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பொடி அதிக இடம் பிடிப்பதால் நடுத்துளை ஹப்பைக் கவ்விக்கொள்ளும். துருத்தடுப்புப் பசையைத் துளி பூசச் சொன்னது இதற்காகத்தான். நட்டுகளில் இரண்டை மூன்று நான்கு சுற்று திரும்ப ஏற்றிவிடுங்கள், ஸ்பேசர் திடீரென்று விடுபட்டால் காலில் விழாது. நடு வளையத்தைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு அரைமணி ஊறவையுங்கள். எண்ணெய் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படக்கூடாது. டிஸ்க்கில் பட்டால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள், பேட் ஊறிவிட்டால் அதை மாற்றுவதுதான் வழி. அப்புறம் ரப்பர் சுத்தியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட நாலா பக்கமும் மெல்லத் தட்டுவதற்குத்தான் அது இளகும். சில ஸ்பேசர்களில் தள்ளி எடுப்பதற்கென்றே மரை போட்ட துளைகள் இருக்கும். அதில் போல்ட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் தானாக வெளியே வரும். டிஸ்க்குக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் டிஸ்க் வளையும், பக்கத்திலிருக்கும் ஏபிஎஸ் சென்சரும் போகும். நெருப்புக் காட்டுவதும் கூடாது. பேரிங் கிரீஸும் சீலும் கெடும், ஸ்பேசரின் உலோகமும் பலம் இழக்கும், மறுபடி அதைப் பயன்படுத்த முடியாது.

ஸ்பேசர் வந்ததும் வண்டியின் ஸ்டட்களைப் பாருங்கள். மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பழைய நட்டை ஒவ்வொன்றிலும் விரலால் அடிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் இறுகினால் ஸ்டட் அளவுக்கு மேல் நீண்டிருக்கலாம், அல்லது மரை சிதைந்திருக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும். ஒன்று முறிந்திருந்தால் அதன் பளுவைச் சுமந்த பக்கத்து ஸ்டட்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வெள்ளைப் பொடியை முழுதாகச் சுரண்டிவிட்டு ரிம்மை மாட்டி, ரிம்முக்குரிய பழைய நட்டுகளாலேயே முறுக்குங்கள். இந்த இணைப்பும் புதிதுதான், 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இந்த முறை சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

கழற்றிய ஸ்பேசரைத் திரும்பப் பயன்படுத்துகிற எண்ணம் இருந்தால் ஸ்டட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஸ்டட்கள் துளையில் சுழல்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று சுழன்றாலும் தூக்கிப் போடுங்கள். நன்றாக இருந்தால் அதன் நட்டுகளை அதே பையில் போட்டுக் கட்டி, எந்த வண்டிக்குரியது, மரை அளவு என்ன, எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவையுங்கள்.